மேல்வீட்டுக் கடல்

முதல் கல் மூன்று கிலோ.
லிஃப்ட் பழுதான நவம்பரில்
தெர்மோகோல் பெட்டியை மார்போடு அணைத்து
ஐந்து மாடி ஏறினான் ராடோவான், டிராம் ஓட்டுகிறவன்.
நாலாம் மாடியில் என் வாசலில் மூச்சு வாங்கி
"உயிருள்ள கல்" என்றான்.
ஈரச் செய்தித்தாளுக்குள்ளிருந்து
அழுகல் வாடை மட்டும் எட்டிப் பார்த்தது.

ஒஸ்ட்ராவா சுரங்கத்தின் எடைமேடையில்
முப்பது வருடம் கணக்கெழுதியவள் நான்.
கல் என்றால் எனக்கு எடை.
எதுவும் மூச்சு விட்டதில்லை.

சம்பளத்துக்கு ஒன்றாக வந்தன.
படியில் விழும் காலடியை வைத்தே
எடை சொல்லிவிடுவேன்.
கால் கிலோவுக்கு மேல் பிசகாது.
நாள்காட்டியின் பின்புறம் குறித்து வைத்தேன்:
பிப்ரவரி இரண்டரை.
மார்ச் இல்லை, பல் பிடுங்கினான்.
ஏப்ரல் நாலு, பாதியில் உட்கார்ந்துவிட்டான்.

"மொத்தமாய் வாங்கிப் போட்டால் என்ன?"
"போட்டால் எல்லாமே செத்துப்போகும், அம்மா.
வழியில் இறந்தவை கல்லுக்குள்ளேயே இருக்கும்.
தனியே ஊற வேண்டும்.
சொட்டு விட்டால் தண்ணீர் பச்சையாகாமல்
மஞ்சளாகவே நிற்கிற நாள் வரை.
அப்புறம்தான் பழைய கற்களோடு."
"எங்கே ஊறுகிறது?"
"குளியல் தொட்டியில். ஆறு வாரம்."
"நீ?"
"டிப்போவில் குளிக்கிறேன்."

இரவில் படுத்தபடி கூட்டிப் பார்ப்பேன்.
என் கட்டிலுக்கு நேர் மேலே
அறுபத்தொரு கிலோ கடல்தரை.
தண்ணீர் தனி.
சோவியத் காலத்து கான்கிரீட்டை
யார் கேட்டுச் சொல்வது?
ஒருநாள் 'டப்' என்றது. மறுபடி 'டப்'.
விளக்குமாற்றால் கூரையை இடித்தேன்.
காலுறையோடு ஓடி வந்தான்,
முகமெல்லாம் பல்:
"உங்களுக்கும் கேட்டதா?
இறால். ஏதோ கல்லோடு வந்தது.
இரண்டு வருடமாய் நான் அதைப் பார்த்ததே இல்லை."

ஜனவரியில் பனிப்புயல், தெருவெல்லாம் இருட்டு.
கதவைத் தட்டியவன்
வெந்நீர் இருக்கிறதா என்றான்.
என்னிடம் கேஸ் அடுப்பு. அவனிடம் மின்சாரம் மட்டும்.
பாட்டில்களில் நிரப்பி மூடி
முதல்முறையாக மேலே போனேன்.

கடலை நான் பார்த்தது ஒரே ஒருமுறை,
எழுபத்தெட்டில், தொழிற்சங்கச் சலுகையில், பல்கேரியாவில்.
ஏழு நாளும் மழை.

டார்ச் வெளிச்சத்தில் அவன் கற்கள்
நான் எழுதி வைத்த எடைகளாக இல்லை.
ஊதா பூத்திருந்தது.
ஒரு துளையிலிருந்து விசிறி விரிந்து
என் நிழல் பட்டதும் உள்ளே போனது.
எது ஏப்ரல், எது பிப்ரவரி என்று தேடினேன்.
"ஒட்டிக்கொண்டுவிட்டன," என்றான்.
"இனி தனியாக எடுக்க வராது."
வெந்நீர் பாட்டில்கள் மிதந்தன.
இருபத்திமூன்று டிகிரி. இருபத்திரண்டரை.
அவன் ஒரு குவளையால் தண்ணீரை
மொண்டு மொண்டு ஊற்றினான், காற்றுக்காக.
அவன் கை ஓய்ந்தபோது நான்.
பேச எதுவுமில்லை.
நாலு மணிக்கு மோட்டார் முனகிற்று.
பின்னாலிருந்து ஒரு 'டப்'.
இருவரும் சிரித்தோம், குளிரில் பல் அடிக்க.

வசந்தத்தில் என் கூரையில் ஒரு கறை,
ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு.
நாற்காலி போட்டு ஏறி
விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.
சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று அவன் சொன்னான்.
அவசரமில்லை என்றேன்.

கடல் இல்லாத தேசம் எங்களுடையது.
எதிர்ப்பட்டால் மட்டும்
மாலுமிகள் போல 'அஹோய்' என்போம்.
இத்தனை வயதுக்கு நான் யோசித்ததே இல்லை.

நேற்று படியில் அந்தக் காலடி.
"அஹோய்" என்றது.
"இரண்டேகால்," என்றேன்
கதவைத் திறக்காமலே.
"இரண்டுதான்," என்றான் மேலே ஏறியபடி,
"மீதி ஈரம்."